செடிக் கட்டிங் (வெட்டிய தண்டு) வைக்க எந்தக் கலவை?
சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம் பிலோடென்ட்ரான், மணி பிளான்ட் கட்டிங் வைக்கிறவர்களுக்கு: வெறும் தோட்ட மண் வேண்டாம். தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும். வேருக்குக் காற்று போகாமல் தண்டு அழுகும்.

என் ஓட்டு கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட்டும் (பொரித்த வெள்ளை எரிமலைக் கல்) பாதிக்குப் பாதி கலந்த கலவைக்குத்தான். பெர்லைட் விலை கட்டுப்படியாகவில்லையா, கழுவிய பருமணல் போதும். ஆனால் கோகோபீட் கட்டியை நனைத்த கையோடு தொட்டியில் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து, பழுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை அலச வேண்டும். அதுவும் மெட்ரோ வாட்டரில். நம்ம ஏரியா போர் தண்ணீரில் அலசினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் போட்ட கதைதான். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு மட்டும் வரணும், அதுதான் பதம்.

ஸ்பாக்னம் பாசி (ஈரம் பிடித்து வைக்கும் காய்ந்த பாசி) மான்ஸ்டெரா செடிக்கு அருமை. ஆனால் வேர் அதோடு பின்னிக்கொள்ளும், பிரிக்கும்போது அறுந்துபோகும். தண்ணீரிலும் வேர் விடும், சரி; அப்புறம் மண்ணுக்கு மாற்றினால் கொஞ்ச நாள் துவளும்.

எதில் வைத்தாலும் கணு (தண்டில் இலை முளைக்கும் இடம்) உள்ளே இருக்க வேண்டும். கணு இல்லாத இலை பச்சையாகவே நிற்கும், துளிர் மட்டும் வராது. பெர்லைட்டைக் கொட்டும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், தூசி தொண்டையை அரிக்கும்.