சைடு பீடிங் கழற்றிய கதை: மூன்று கதவு தப்பியது, ஒன்று உரிந்தது

எங்கள் பழைய சிவப்பு வேகன்ஆர் காரின் இடது முன்கதவில் சைடு பீடிங், அதாவது கதவின் வெளிப்பக்கம் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் பட்டை, ஒரு முனையில் விட்டுப்போனது போன ஐப்பசி மழைக்கு முன்னால். ஒட்டிவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். கார்த்திகை முழுக்க அந்த இடுக்கில் தண்ணீர் நின்றது. தை அறுவடையில் ரோட்டிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப்போட்டிருந்தார்கள், அதன்மேல் ஏறித்தான் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் போய்வர வேண்டும். பதரும் தூசும் அங்கே போய் அடைந்துகொண்டன. வண்டியைக் கழுவி நிறுத்தினால் மறுநாள் காலையிலும் பீடிங்கின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. சித்திரையில்தான் நாலையும் கழற்றிவிடுவது என்று முடிவுக்கு வந்தேன்.

ஒரு கடையில் விசாரித்தேன். "ஸ்குரூ டிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்புங்க சார், அஞ்சு நிமிஷம்" என்றார் அங்கிருந்த பையன். நல்லவேளை, கேட்கவில்லை. இந்த பீடிங்கில் ஆணியும் இல்லை, கிளிப்பும் இல்லை. சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இருபக்க ஒட்டும் நுரை டேப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் பெயிண்ட், பிரைமர் முதல் மேல்பூச்சு வரை எல்லா அடுக்கும் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், ஒரு வெள்ளைத்தாள் கனம். நெம்பினால் இரும்பு முனை அந்தத் தாளின் மேல்தான் ஊன்றும்.

அதனால் நெம்பாமல் அறுப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பா வாய்க்காலில் தூண்டில் போடுகிறவர், அவரிடம் ஒரு பாகம் நைலான் நரம்பு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை நன்றாகக் கழுவி, பீடிங்கின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். கழுவுவதில் சோம்பல் படக்கூடாது. நரம்பு நகரும்போது ஒரு மணல் துகள் கூட வந்தாலும் கோடு விழுந்துவிடும்.

முதல் கதவுக்கு வீட்டு ஹேர் டிரையர். பீடிங்கைச் சாண் சாணாகச் சூடாக்கி, இரண்டு விரலிலும் துணி சுற்றி நரம்பைப் பிடித்து, விட்டுப்போன முனையில் நுழைத்து இழுத்தேன். ஒரு விரற்கடை போய் நின்றுவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "இழுக்காதடா, ஓட்டு. சக்கரத்துலேருந்து பானையை நூல்விட்டு அறுப்பாங்களே, பார்த்ததில்ல?" என்றார். அதன் பிறகு இடதும் வலதுமாக நீளமாக ஓட்டினேன், நரம்பைப் பெயிண்ட் பக்கம் சாயவிடாமல் பீடிங்கின் முதுகை ஒட்டியே. இடையிடையே ஷாம்பு தண்ணீர் தெளித்தேன். கிர்ர் என்று மெல்லிய சத்தத்தோடு நுரை அறுபட்டு வந்தது. அறுபட்ட பக்கம் மறுபடி ஒட்டாமலிருக்கத் தோசைத்திருப்பியைச் செருகினேன். நான்ஸ்டிக் கல்லுக்காக வாங்கிய பிளாஸ்டிக் திருப்பி அது. "இனிமே அதை அடுப்படிக்குள்ள கொண்டுவராதீங்க" என்று வீட்டில் உத்தரவாகிவிட்டது. ஒரு கதவுக்கு முக்கால் மணி நேரம். நான் பயந்த துரு உள்ளே இல்லை, பச்சையாக ஒரு பாசிக் கோடு மட்டும்.

இரண்டாவது கதவுக்குக் கரண்டை மிச்சப்படுத்தலாமென்று மதியம் இரண்டு மணிக்கு வண்டியைக் களத்தில் நிறுத்தினேன். சித்திரை வெயிலில் கதவு கை வைக்க முடியாமல் கொதித்தது. நுரை இளகியது, ஆனால் ரொம்ப இளகிவிட்டது. அறுபடாமல் சூயிங்கம் மாதிரி இழுபட்டு நரம்போடு சுற்றிக்கொண்டது, தெளித்த ஷாம்பு தண்ணீரும் உடனுக்குடன் காய்ந்து திட்டுத் திட்டானது. நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் மறுபடி உட்கார்ந்தேன், ஒழுங்காக வந்தது. கை பொறுக்கும் சூடுதான் கணக்கு. மூன்றாவது கதவும் அன்றைக்கே முடிந்தது.

பீடிங் வந்த பிறகும் கதவில் நுரையின் பாதி ஒட்டியிருக்கும். உண்மையான வேலையே அங்கேதான். தின்னர் வேண்டாம் என்பது என் கட்சி, பட்டறையில் மறுபடி அடித்த பெயிண்டாக இருந்தால் தின்னர் அதையும் கரைத்துவிடும். நீலகிரித் தைலம் வீட்டில் இருந்தது. கதவின் உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, பாதகமில்லை என்று தெரிந்ததும் பஞ்சில் நனைத்து ஐந்து நிமிஷம் ஊறவைத்தேன். அப்புறம் கட்டைவிரலால் உருட்ட உருட்டச் சுருள் சுருளாக வந்தது. கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். முற்றம் முழுக்க ஜலதோஷ வாசனை.

மறுநாள் வலது பின்கதவு. பீடிங் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது, அந்தத் தெம்பில் தைலத்துக்குக் காத்திருக்கவில்லை. மிச்ச நுரையின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கதவுக்கு நேர்ச்செங்குத்தாக ஒரே இழுப்பு. டேப்போடு கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயிண்டும் வந்தது. அடியில் வெளிர்மஞ்சளாகப் பட்டி, நசுங்கிய இடத்தை நிரப்பப் பூசுகிற பசை!

அந்தக் கதவு ஏற்கெனவே அடிபட்டு டிங்கரிங் ஆனது என்று வண்டியை எனக்கு விற்றவர் சொல்லவில்லை. கம்பெனியில் அடிக்கும் பெயிண்டை அடுப்பில் ஏறத்தாழ 140 டிகிரியில் சுட்டு இறுக்குவார்கள். முழுசாக மாட்டிய வண்டியை அந்தச் சூட்டுக்கு ஏற்றினால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் தாங்காது, அதனால் பட்டறைப் பெயிண்ட் குறைந்த சூட்டில்தான் காய்கிறது. கீழே பட்டியும் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தால் டேப்பின் பிடி பெயிண்டின் பிடியை ஜெயித்துவிடும். பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நாலு கதவிலும் வைத்துப் பார்த்தேன். மூன்றில் கப்பென்று பிடித்தது, இதில் நடுவில் பட்டி கனமாக இருந்ததால் இரும்பு எட்டாமல் கை எடுத்ததும் வழுக்கி விழுந்தது. இந்தச் சோதனையைச் சனிக்கிழமையே செய்திருக்க வேண்டும்.

மிச்சத்தை அரைமணி நேரம் தைலத்தில் ஊறவிட்டு, கதவோடு படிந்தவாக்கில் மெல்ல உருட்டி எடுத்தேன். வேறெங்கும் உரியவில்லை.

இப்போதைய நிலை: நாலு கதவிலும் பீடிங் இருந்த பட்டை மட்டும் புதுச் சிவப்பு, சுற்றிலும் வெயிலில் வெளுத்த சிவப்பு. ரப்பிங் காம்பவுண்டு போட்டதில் வித்தியாசம் பாதி குறைந்தது. முழுசாகப் போக்க இன்னும் தேய்த்தால் மேல்பூச்சு மெலிந்துவிடும், அதனால் நிறுத்திவிட்டேன். உரிந்த இடத்துக்கு டச்-அப் பெயிண்ட் வாங்க வேண்டும், அதுவரை செலோடேப் ஒட்டாமல் கொஞ்சம் மெழுகு மட்டும் தடவி வைத்திருக்கிறேன். டிக்கிக் கதவில் ஒட்டியிருக்கும் எம்பளத்தைக் கழற்றுவது அடுத்த ஞாயிறு, முதலில் காந்தம்.

கழற்றிய பீடிங் நாலும் திண்ணையில் கிடந்தன. சித்தப்பா நரம்பைத் திரும்ப வாங்க வந்தவர், பிசுக்கைப் பார்த்துவிட்டு, "இதுல மீன் கடிக்குமாடா" என்று அதைப் போட்டுவிட்டு, கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று ஒரு பீடிங்கை எடுத்துப்போனார்.