ஸ்லைடு டாக்டர்

சங்க ஆண்டு விழாவுக்குப் போனால் யாராவது ஒருவர் தன் சர்க்கரை ரிப்போர்ட்டை என் கையில் திணிக்காமல் விடமாட்டார். பேத்தாலஜிஸ்ட் என்றால் லேபில் ரத்தம் எடுப்பவர் என்றுதான் குடியாத்தத்தில் என் சொந்தக்காரர்களே இன்னும் நம்புகிறார்கள். உடலிலிருந்து எடுத்த துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்லும் டாக்டர்தான் நான். நம் பள்ளி மலர்க் குழு எழுதக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

பிளஸ் டூ செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் ஒரு சொட்டு விட்டு, குமிழி விழாமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கச் சொல்வார் நம் தாவரவியல் சார். “கண்ணுல தெரிஞ்சதை வரை, புக்குல இருக்கறதை வரையாதே” என்று ரெக்கார்டு நோட்டில் பாதிப் பேருக்குச் சிவப்பு மை விழும். அந்தக் கண்டிப்புதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, அதன் மேல் எம்.டி. 3 ஆண்டு. நான் பேத்தாலஜி எடுத்தபோது வீட்டில் துக்கம் விசாரிக்காத குறைதான். “கிளினிக் போர்டு மாட்ட முடியாத படிப்பு எதுக்கும்மா?” என்றார் பெரியப்பா.

எம்.டி.யில் காலைப் பொழுது கிராஸிங் மேசையில் போகும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து, கெடாமலிருக்க பார்மலின் திரவத்தில் போட்டு வந்த உறுப்பை அளந்து, வெட்டி, எந்தத் துண்டு ஸ்லைடாக வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அது பாரஃபின் மெழுகில் பதிந்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3, 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனில் சீவப்படும். அந்தச் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுக்கும் டெக்னீஷியன் அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், லுங்கித் தறியில் அறுந்த இழையை முடியும் அப்பாவின் விரல்கள் நினைவுக்கு வரும். பிறகு ஹெமடாக்ஸிலின், ஈயோசின் சாயமேறி நீலமும் இளஞ்சிவப்புமாக நம் கைக்கு வரும்.

நம் வேலூர் மாவட்டத்துக்கு இந்தத் துறையில் பெருமை உண்டு. காட்பாடிப் பக்கம் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பயாப்ஸிக்கு எடுத்த தோல் துண்டில் தொழுநோய்க் கிருமி சிவப்புக் குச்சிகளாகத் தெரிய ஃபைட் என்ற சாயம் போட வேண்டும். அதை முதன்முதலில் பார்த்த மதியம் நான் சாப்பிடவே போகவில்லை. 1986ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான் எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது.

நான் இப்போது இருக்கும் பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பேத்தாலஜிஸ்ட்ஸ் தேர்வு இரண்டு பகுதி. எழுத்துத் தேர்வைச் சமாளித்துவிடலாம். இரண்டாவதில் ஸ்லைடுகளைக் குவித்து வைப்பார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் அங்கே திணறுவார்கள்.

எனக்குப் பிடித்தது ஃப்ரோசன் செக்ஷன். நோயாளி மயக்கத்தில் இருக்க, துண்டை உறையவைத்துச் சீவி, ஏறக்குறைய 20 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும்: புற்றா இல்லையா, வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமில்லாமல் சுத்தமா. நம் வார்த்தையை வைத்துத்தான் இன்னும் வெட்டுவதா, மூடுவதா என்று சர்ஜன் முடிவெடுப்பார். நோயாளிக்கு நம் பெயரே தெரியாது. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் சர்ஜனுக்குத்தான் போகும். அதில் வருத்தமே இல்லை என்றால் பாதிப் பொய். ஆனால் பெரும்பாலான இரவுகளில் நிம்மதியாகத் தூங்குகிறேன், அவர் தூங்குவதில்லை.

நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது எம்.டி. சீட் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இருந்தால், எல்லோரும் ஓடுகிறார்களே என்று ரேடியாலஜிக்கு ஓடும் முன் ஒருநாள் கிராஸிங் மேசைப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பார்மலின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தாராளமாக ரேடியாலஜிக்கே போகட்டும்.