பெட்டிக்குள் எறும்பு

16 ஜனவரி 2025
உழவர் திருநாள். தேசிய ஸ்டார்ட்அப் தினமும் இன்றைக்கேதான். 2016இல் இதே தேதியில் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் தொடங்கியதாம். பொங்கல் லீவு என்றும் பாராமல் கல்லூரியில் இருந்து கூகுள் மீட். வழக்கம்போல ஃபிரெஷ்வொர்க்ஸ் (மென்பொருள்), ஏத்தர் (மின் ஸ்கூட்டர்), அக்னிகுல் (ராக்கெட்) வெற்றிக் கதைகள். கிரீஷ் மாத்ருபூதம் ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு அப்புறம்தான் 2010இல் ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார். அந்தப் பாதியை மட்டும் எந்தச் சிறப்புரையிலும் கேட்டதில்லை. கடைசியில் எல்லோரையும் கேமரா போடச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஏற்ற வேண்டுமே!

1 பிப்ரவரி
பிட்ச் போட்டியில், அதாவது தொழில் யோசனையை நடுவர்கள் முன் விளக்கும் போட்டியில், இரண்டாம் பரிசு. கிணற்று மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்தும் பெட்டி எங்களுடையது. "மார்க்கெட்டில் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்?" என்றார் நடுவர். "ஐந்து" என்றான் நண்பன், கூசாமல். கைதட்டல்.

8 பிப்ரவரி
பல்லடம் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் பெட்டியை எடுத்துப் போனோம். அவர் அதைத் தொடக்கூட இல்லை. மோட்டாரைப் போடும் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். கான்டாக்டுக்கு நடுவே பல்லி ஒன்று கருகி ஒட்டியிருந்தது. மூலையில் எறும்பு மண்.

"உங்க பெட்டிக்குள்ள எறும்பு போகாதா கண்ணு?"

கேபிள் நுழையும் ஓட்டையில் சுண்டுவிரலே போகும். எறும்புக்கு ராஜபாட்டை.

பக்கத்திலேயே கோயம்புத்தூரில் வாங்கிய, போனில் இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்று சும்மா தொங்கியது. இந்தச் சாமான் இங்கே பல வருடமாக விற்கிறது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போனதும் சரிபண்ண ஆள் வரவில்லையாம். மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால் பெரியப்பா இன்னமும் டார்ச் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.

கூட நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்தார். "நீங்க பாஸாகி பெங்களூர் போயிருவீங்க. கெட்டுப்போனா என்னையத்தானுங்க தம்பி கூப்பிடுவாங்க."

நடுவர் கேட்காத கேள்வி.

15 பிப்ரவரி
எறும்பு நுழையாமல் ஓட்டையை அடைக்க கேபிள் கிளாண்ட், ரப்பர் கேஸ்கட் போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் அண்ணன் இரண்டு பெட்டி மாட்டித் தருகிறார். அவர் கேட்டது இதுதான்: ஸ்பேர் போர்டு அவர் கையில் இருக்கணும், ரிப்பேர் கூலி அவருக்கு. சரி என்றோம்.

கல்லூரியிலோ மார்ச்சுக்குள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு பண்ணச் சொல்கிறார்கள், கணக்கில் ஒரு ஸ்டார்ட்அப் கூடுமல்லவா. விற்பனையே இல்லாவிட்டாலும் ஆடிட்டர் வைக்கணும், வருடாவருடம் தாக்கல் பண்ணணும். அந்தப் பணத்தில் எத்தனை போர்டு வாங்கலாம்! இப்போதைக்கு முடியாது என்று சாரிடம் சொல்லிவிட்டோம். முகம் சுண்டிவிட்டது அவருக்கு.