சளி மாத்திரை போட்டேன், ஒன்றுக்கு நின்றுவிட்டது

போன ஐப்பசி அடைமழையில் எனக்குச் சளி பிடித்தது. கும்பகோணத்தில் அந்த வாரம் கொடியில் போட்ட துணி நாலு நாளாகியும் காயவில்லை. எனக்கோ மூக்கு ஒழுகி, தும்மித் தும்மி விலாவெல்லாம் வலி. சளிக்கெல்லாம் யார் டாக்டரிடம் போவார்கள்? தெருமுனை மெடிக்கலில் "சளிக்கு மாத்திரை குடுப்பா" என்றேன். பையன் போனில் பேசிக்கொண்டே கத்தரிக்கோலால் அட்டையில் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தான். வெட்டிய துண்டில் மாத்திரையின் பெயர் பாதிதான் இருந்தது, உள்ளே என்ன மருந்து என்று அச்சடித்திருக்கும் பக்கம் அவனிடமே தங்கிவிட்டது. அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

முதல் மாத்திரையிலேயே மூக்கு வற்றியது. வாயும் சேர்ந்து வற்றி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நல்ல தூக்கம். பரவாயில்லையே, கேட்கிறதே என்று காலையும் இரவுமாகத் தொடர்ந்தேன். இருமல் வேறு இருந்ததால், போன வருஷம் மிச்சமிருந்த இருமல் சிரப்பிலும் ராத்திரிக்கு ஒரு மூடி குடித்தேன். மாத்திரை சளிக்கு, சிரப் இருமலுக்கு, இரண்டும் வேறு வேறு என்பது என் கணக்கு.

இரண்டாம் நாள் சாயங்காலமே ஒன்றுக்குப் போகும்போது நூல் மாதிரிதான் வந்தது. எனக்கு வயது 63, இரண்டு வருஷமாக ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பவன், நின்று நிதானமாகத்தான் வரும். வயசானால் அப்படித்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்குச் சொட்டு. பன்னிரண்டுக்கு அதுவும் இல்லை.

இங்கேதான் நாங்கள் பெரிய தப்புப் பண்ணினோம். "சூடு பிடிச்சிருக்குங்க" என்றாள் மனைவி. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள், பார்லி கஞ்சித் தண்ணீர் ஒரு சொம்பு, அதன் மேல் சீரகத் தண்ணீர் ஒரு சொம்பு. நீர்க்கடுப்புக்குச் செய்கிற வைத்தியம் இது. எனக்கு வந்ததோ அடைப்பு. மடை அடைத்துக் கிடக்கும்போது வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட்ட கதை. ஒரு மணிக்கு அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் வருமா என்றுகூட நின்று பார்த்தேன். வியர்த்துக் கொட்டியதே தவிர வேறொன்றும் வரவில்லை.

இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோவை எடுத்தான். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை எத்தனை வேகத்தடை என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன், ஏழு.

அங்கே டூட்டி டாக்டர் பெண், என் மகள் வயசுதான் இருக்கும். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார், உடனே கேட்ட முதல் கேள்வி: "ஐயா, சளி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சளியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழைக்காலம் வந்தால் இப்படி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம் என்றார்.

அப்புறம் டியூப். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்துகொண்டு விடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மரத்துப்போக ஒரு ஜெல்லி விட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் செருகினார்கள். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதன் பிறகு வந்த நிம்மதி இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பெருமூச்சு விட்டதில்லை. பையில் 850 மில்லி என்று நர்ஸ் எழுதினார். சாதாரணமாக 300, 400 சேர்ந்தாலே நமக்கு முட்டிக்கொண்டு வரும்.

காலையில் யூராலஜி டாக்டர் விளக்கினார். பெரும்பாலான சளி மாத்திரைகளில் இருப்பது மூன்று சரக்கு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தும்மலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைலெஃப்ரின். குளோர்பெனிரமின் மூக்கை வற்ற வைப்பதோடு நிற்காது, மூத்திரப்பை சுருங்கித் தள்ளுவதையும் மந்தமாக்கும். பினைலெஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிற மருந்து, அது மூத்திரப்பையின் வாயையும், அதன் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் தசையையும் சேர்த்து இறுக்கும். ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கி வழி குறுகிப்போனவனுக்கு உள்ளே தள்ளவும் ஆள் இல்லை, வாசலும் பூட்டு. என் சிரப் பாட்டிலை மகன் கொண்டுவந்து காட்டினான். அதிலும் அதே குளோர்பெனிரமின். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு பங்கு குடித்திருக்கிறேன்.

எனக்கு எரிச்சல் வந்தது இதில்தான்: வாயால் விழுங்குகிற பினைலெஃப்ரின், மாத்திரையில் இருக்கிற அளவுக்கு மூக்கடைப்பைத் திறப்பதே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரிலேயே ஒருமனதாகச் சொல்லிவிட்டதாம். 2024 நவம்பரில் அங்கே அதை நீக்கலாம் என்ற முன்மொழிவும் வந்தது. மூக்கைத் திறக்காத மருந்து எனக்குக் கீழே மட்டும் சரியாகப் பூட்டுப் போட்டிருக்கிறது.

டியூபும் பையுமாக மூன்று நாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேட்டி கட்டுகிறவனுக்கு அது ஒரு சௌகரியம், பையை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரே விதி, பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ராத்திரி புரண்டு படுக்கும்போது சுண்டி இழுக்கும். டாம்சுலோசின் 0.4 என்று ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. பினைலெஃப்ரின் இறுக்கிய அதே தசையைத் தளர்த்துவதுதான் இதன் வேலை. ஆனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று எச்சரித்தார்கள். முதல் நாளே சுற்றியது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை உடனே எடுக்க வேண்டாம், அடைப்பும் டியூபும் முடிந்த கையோடு எடுத்தால் எண் ஏறித்தான் காட்டும், சில வாரம் போகட்டும் என்றார் டாக்டர். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

நாலாம் நாள் காலை டியூபை எடுத்தார்கள். உள்ளே இருக்கும் குட்டி பலூனிலிருந்து சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சிவிட்டு உருவுவது, இரண்டு நொடி வேலை. அதற்கப்புறம்தான் பரீட்சை. தண்ணீர் குடித்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும், தானாக வந்தால் வீட்டுக்கு, வராவிட்டால் மறுபடி டியூப். எதிரே என்னைப் போலவே இன்னொருவர் தண்ணீர் பாட்டிலோடு. இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஒருவர் எழுந்தால் மற்றவர் முகத்தைப் பார்த்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து எனக்கு வந்தது. முதலில் எரிச்சல், அப்புறம் சத்தம் கேட்டது. 220 மில்லி. கதவுக்கு வெளியே மனைவி, "என்னங்க, வந்துச்சா?" என்று வார்டுக்கே கேட்கக் கத்தினாள்.

ஸ்கேனில் மிச்சம் கொஞ்சம்தான் நின்றது, விட்டுவிட்டார்கள். டாம்சுலோசின் இன்னும் ஓடுகிறது.

பொங்கலுக்கு மச்சான் வந்திருந்தார். என்னைவிட மூன்று வயசு மூத்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நாலாக வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். "மச்சான், ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?" என்றேன். "அது என்ன, மூணு நாலு தடவை" என்றார். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். "...ரமின் மாலியேட்" என்பது வரைதான் இருந்தது, மற்றது கடைக்காரன் கத்தரிக்கோலோடு போய்விட்டது.