ஒரு ஞண்டுக்குப் பெயர் வைத்த அனுபவம்

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு மேலே, காட்டோடை ஒன்றின் கல்லிடுக்கில் அந்த ஞண்டை எங்களுக்குக் காட்டித் தந்தவர் காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. வனத்துறை அனுமதி கிடைக்க எட்டு மாதங்கள் ஆயின. அது அறிவியலுக்குப் புதிய இனம் என்று நிறுவும் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

நன்னீர் ஞண்டுகளை ஓட்டின் நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆண் ஞண்டை மல்லாத்தி, வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் மடலை இடுக்கியால் மெல்லத் தூக்கினால், உள்ளே ஊசிபோல் ஒளிந்திருக்கும் இனச்சேர்க்கை உறுப்பின் நுனி எந்தப் பக்கம் வளைகிறது என்பதே பெரும்பாலும் இனத்தைத் தீர்மானிக்கிறது. அந்த நுனியை வரைந்து முடிக்கவே எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. எங்கள் ஞண்டு, 1969இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ரிச்சர்டு போட் நிறுவிய ட்ராவன்கோரியானா பேரினத்தில் அடங்கியது. எங்கள் ஊர்கள் 1956இல் சென்னை மாநிலத்தோடு இணைந்துவிட்டாலும், பழைய திருவிதாங்கூரின் பெயர் இந்த மலையோடைகளின் உயிர்களிடம் இன்னும் தங்கியிருப்பது என்னை நெகிழச் செய்தது.

இனப்பெயராக மூதாட்டியின் பெயரையே, அவருடைய சம்மதத்தோடு, தேர்ந்தோம். நான் அதன் ஈற்றில் 'ஐ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சேர்த்திருந்தேன். அது ஆணைச் சிறப்பிக்கும் லத்தீன் ஈறு. பெண்ணின் பெயரானால் 'ஏ, ஈ' என்ற இரண்டெழுத்தில் முடிய வேண்டும் என்று எங்கள் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பாய்வாளர் திருத்தினார். திருத்தாமல் அச்சாகியிருந்தால் மூதாட்டிக்கே இழைத்த பிழையாகியிருக்கும்.

1999க்குப் பின் வெளியாகும் புதிய இனப்பெயருக்கு மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் உடலை, வெளிப்படையாகச் சுட்டி, அது எங்கே பாதுகாக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும் என்பது சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதி. அந்த மாதிரியை உரிய காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் கோருகிறது. இணைய இதழ் என்பதால், விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, அந்த விவரத்தைக் கட்டுரையிலும் சேர்த்தோம். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. விளக்கமில்லாமல் முந்தி வெளியாகும் பெயர் செல்லாது, பின்வருவோரையும் குழப்பும் என்பதால், இங்கே அதைச் சொல்லவில்லை.

செய்தியைச் சொல்லப் போனபோது மூதாட்டி, "ஓடைக்கப் பேரையும் எழுதினியா மக்ளே?" என்று கேட்டார். நிலவரைபடத்தில் அந்த ஓடைக்குப் பெயரே இல்லை. அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு வாங்கி, கட்டுரையின் இறுதிப் படியில் ஞண்டு கிடைத்த இடத்தின் விவரத்தோடு சேர்த்தேன். மூலமாதிரிக் குப்பிக்குள் இடும் சீட்டையும் அந்தப் பெயரோடு மாற்றி எழுதினேன்.