பத்மினிக்குப் புதுக் கார்பெட்

குன்னூரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சினைவிடத் தரையைப் பற்றிய கவலைதான் அதிகம். எஞ்சின் பழுதானால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். கார்பெட்டுக்கு அடியில் தகரம் துருப்பிடிப்பதோ, ஓட்டுபவரின் குதிகால் சாலையைத் தொடும் நாள் வரைக்கும் வெளியே தெரிவதில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும் ஊர் இது. இடையில் கிடைக்கும் நாட்களை மூடுபனி எடுத்துக்கொள்ளும். ஈரச் செருப்போடு ஏறி இறங்கும் வண்டியில் கார்பெட் காய்வதற்கு ஏது நேரம்?

எங்கள் வீட்டு வண்டி 1984ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி. மாருதி 800 புதிதாக வந்து, ஊரே அதற்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த காலத்தில், “அந்த டப்பா மலைக்குத் தாங்காது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அப்பா வாங்கியது. பம்பாய் குர்லாவில் பியட் 1100 ஆகத் தயாராகி, 1974 முதல் பத்மினி என்று அழைக்கப்பட்ட அந்த வண்டிக்கு 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர், முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்காரத்தக்க ஒரே நீளச் சீட்டு. இன்றும் ஓடுகிறது. அதற்கான கார்பெட்டைக் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கையின் மாருதியில்தான் ஏற்றி வந்தோம் என்பதை அப்பா இருக்கும் இடத்தில் நாங்கள் பேசுவதில்லை.

வேலையைத் தொடங்கக் காரணம் வாசனை. கதவைத் திறந்தால் மக்கிய சணலின் நெடி முகத்தில் அடிக்கும். அம்மா யூகலிப்டஸ் தைலத்தைத் தெளித்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தபின் வண்டியில் ஏறியவர்களெல்லாம், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அக்கறையோடு விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கார்பெட்டைக் கழற்ற வேண்டுமானால் முதலில் முன்சீட்டைக் கழற்ற வேண்டும். சீட்டைக் கழற்ற வேண்டுமானால் நாற்பது வருடத் துருவோடு தரையில் ஒட்டிப்போன போல்ட்டுகள் மனம் இரங்க வேண்டும். எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, அதன்பின் ஸ்பேனரைப் போட்டபோது சில இறங்கி வந்தன. ஒன்று தலையை மட்டும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு உடலோடு உள்ளேயே தங்கிவிட்டது. கதவுப்படியில் கார்பெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அலுமினியப் பட்டைகளின் திருகாணிகளும் அதே இனம்.

அடியில் கிடைத்தவற்றை அம்மா ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். 2011இல் செல்லாமல் போன இருபத்தைந்து காசு நாணயங்கள், கொண்டை ஊசிகள், கல்லாகிப்போன வர்க்கித் துண்டு, தேயிலைத் தூள், கடைசியாக அத்தையின் ஒற்றைத் தோடு. அந்தத் தோட்டை மாமா அடகு வைத்துவிட்டதாக அத்தை இத்தனை காலம் நம்பிவந்தார். செய்தி கோத்தகிரிக்குப் போனதும் மாமா தொலைபேசியில் அழைத்து, தோட்டைத் தானே நேரில் வந்து பெற்றுக்கொள்வதாகவும், அதுவரை யாரும் அதைத் துடைக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சாட்சியப் பொருள் கிடைத்த இடத்து மண்ணோடு இருக்க வேண்டுமாம்.

கார்பெட்டுக்கு அடியில் மெத்தைபோல் விரித்திருந்த சணல் ஃபெல்ட்டைப் பிய்த்து எடுத்தபோது, இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் வாசல் புல் தெரிந்தது. தண்ணீர் செருப்பில் மட்டும் வந்திருந்தால் ஓட்டை வலதுபக்கமும் விழுந்திருக்க வேண்டும். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்து, மழைநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து, யார் கண்ணிலும் படாமல் கார்பெட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலே விரித்திருந்த ரப்பர் மேட் அந்த ஈரத்தை ஆவியாகவும் விடாமல் பொத்திவைத்திருக்கிறது. பழைய காருக்குக் கார்பெட் மாற்ற விரும்புபவர்கள் முதலில் பீடிங்கைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் மழைக்குப் புது மெத்தை வாங்கிக் கொடுத்த கணக்குதான்.

டிங்கரிங் பட்டறையில் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். மீதித் தரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்து, தாரில் செய்த சத்தம் தடுக்கும் ஷீட்டை ஒட்டினார்கள். இதில் சொல்லத்தக்க வேடிக்கை எதுவும் இல்லை, பில்லைத் தவிர.

குஷன் கடைக்காரர் வந்தபிறகுதான் வீட்டில் அரசியல் தொடங்கியது. அப்பாவுக்கு அடர்ந்த மெரூன் வேண்டும். சேறு தெரியாத டீத்தூள் நிறம் போதும் என்பது அம்மாவின் கட்சி. டீத்தூள் வென்றது. பழைய கார்பெட்டையே அளவுக்கு வைத்து வெட்டலாம் என்றால், நனைந்து காய்ந்து நனைந்து அது சுருங்கியிருந்தது. எனவே செய்தித்தாள்களை ஒட்டித் தரை முழுவதற்கும் மாதிரி எடுத்தார்கள். கியர்பாக்ஸும் அச்சுத்தண்டும் போவதற்காக வண்டியின் நடுவே முதுகெலும்புபோல் எழும்பி நிற்கும் பகுதிக்குத்தான் நுட்பம் தேவை. அங்கே துணியைச் சற்றுத் தாராளமாக விட்டு, வளைவில் சிறு வெட்டுகள் கொடுத்து, பசையைத் தடவிக் கை ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே போக வேண்டும். கடைக்காரர் அதைப் பார்க்கப் பார்க்க இனிமையாகச் செய்தார்.

சீட் போல்ட்டுக்கு ஓட்டை போடும் பொறுப்பை அவருடைய சீடப் பிள்ளை ஏற்றான். டிரில்லை வைத்து அழுத்தியதும் கார்பெட்டின் இழை ஒன்று டிரில்லில் சிக்கி, சரசரவென்று ஒரு முழ நீளத்துக்கு உருவிக்கொண்டு வந்து சுற்றிக்கொண்டது. “டேய், அது துணிடா, சுவரில்லை” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் ஒரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எடுத்து வந்து குத்தினார். செயற்கை இழை உருகி, ஓரம் பிரியாத அழகான வட்டமாக ஓட்டை விழுந்தது. வீடு முழுவதும் பிளாஸ்டிக் நாற்றம். வாசனைக்காகத் தொடங்கிய வேலை என்பதை அம்மா அப்போது நினைவுபடுத்தினார்.

கார்பெட்டுக்கு அடியில் சணல் ஃபெல்ட் ஒரு அடுக்குப் போதும் என்றார் கடைக்காரர். “குளிர் ஊருப்பா, ரெண்டாப் போடு” என்றார் அப்பா. “காலு மேல வந்துருமுங்க சார்.” “வரட்டும்.” இரண்டாகப் போடப்பட்டது. வண்டிக்குள் அத்தனை அமைதி. அப்பா பெட்போர்டு வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வெளிநாட்டுக் கார் தோற்றது என்றார்.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். இறங்கும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் எந்த வண்டிக்கும் குறை தெரியாது. திரும்பி வருகையில் கல்லாறு தாண்டியதும் வண்டி முனகத் தொடங்கியது. பர்லியாரை நெருங்கும்போது இரண்டாம் கியரும் போதாமல் முதல் கியருக்கு வந்து, எங்களுக்குப் பின்னால் அரசுப் பேருந்தும் லாரிகளும் சுற்றுலா வேன்களும் ஊர்வலமாகத் திரண்டன. மாப்பிள்ளை அழைப்பு இதைவிட வேகமாகப் போயிருந்தது.

உயரத்தில் காற்று லேசாகிவிடுவதால் எஞ்சின் மூச்சு வாங்குகிறது என்பது அப்பாவின் விளக்கம். அது பொய்யில்லை. குன்னூரின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிகளில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அதே காற்றில்தான் இந்த வண்டி நாற்பது வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

பர்லியாரில் பழக்கடைகளுக்கு எதிரே நிறுத்தினோம். அம்மா இறங்கி மங்குஸ்தான் விலை பேசப் போனார். நான் பானெட்டைத் திறந்து கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரை விரலால் தள்ளினேன், எஞ்சின் சீறியது. “இப்போது நீங்கள் காலால் அழுத்துங்கள்” என்றேன். அப்பா பலம்கொண்ட மட்டும் மிதித்தார். லீவர் பாதி தூரம் வந்து, மேலே வர மறுத்து நின்றது.

“முழுசா அழுத்துங்கப்பா.”

“இதுக்கு மேல அழுத்துனா கால் உடைஞ்சுரும்.”

குனிந்து பார்த்தேன். ஆக்சிலேட்டர் பெடல், இரண்டு அடுக்குச் சணலும் ஒரு அடுக்குக் கார்பெட்டுமாக ஓர் அங்குலத்துக்கு எழும்பி நின்ற மெத்தையில் சுகமாகச் சாய்ந்திருந்தது. அப்பாவும் எட்டிப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஒரு அடுக்குப் போதும் என்று கடைக்காரன் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

பழக்கடையில் வாங்கிவந்த கத்தியால் பெடலுக்கு அடியில் இருந்த சணலை அங்கேயே அறுத்தெடுத்தோம். கத்தியைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மா, மங்குஸ்தான் விலையில் குறைக்க ஒப்புக்கொண்டிருந்த பத்து ரூபாயை மறுபடி ஏற்றிவிட்டார். மீதி மலையை வண்டி மரியாதையாக ஏறியது.

பிறகு குஷன் கடையில் எல்லாவற்றையும் ஒரே அடுக்காகக் குறைத்து, தட்டைத் தரையில் பசைக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தார்கள். அதனால் மழை நாட்களில் கால் பகுதிக் கார்பெட்டைக் கழற்றி உலர்த்த முடிகிறது. அது சமையலறை அடுப்புக்கு மேலே உள்ள கொடியில் தொங்குவதால், வீட்டில் ரசத்துக்கும் காருக்கும் இப்போது ஒரே வாசனை. ஈரத்தை உள்ளேயே விடக்கூடாது என்று அப்பா இன்னொரு விதியும் கொண்டுவந்திருக்கிறார்: வண்டியில் ஏறுபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். கழற்றியதை மடியில் வைத்துக்கொள்வதா, டிக்கியில் போடுவதா என்பதில் மட்டும் அவருக்கும் அத்தைக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.