மூன்றாவது முடிச்சு

என் தம்பியின் திருமணக் காணொளி ஒரு மணி நேரம் ஓடும். நெடுங்காணொளிகளைச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் எந்த அளவுக்குப் புரிந்துகொள்கின்றன என்று பார்க்க அதையே எடுத்துக்கொண்டு, கேள்விகளையும் நானே எழுதினேன். அவற்றுள் ஒன்று: தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டது யார்? ‘மணமகனின் சகோதரி’ என்று தயங்காமல் விடை வந்தது. எங்களுக்கு உடன்பிறந்த பெண் கிடையாது. மூன்று முடிச்சையும் தம்பியே போட்டான்.

பிறகு காணொளியை இணைக்காமல் கேள்வியை மட்டும் அனுப்பினேன். அதே விடைதான். நாத்தனார் முடிச்சுப் போடும் வழக்கத்தை எங்கோ படித்து வைத்திருந்த அறிவு பேசியதே தவிர, பார்த்தது எதுவும் பேசவில்லை. எங்களுக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.

மாதிரிகளைச் சோதிக்கும் பெரிய தேர்வுத் தொகுப்புகளை உருவாக்குவோரும் இந்தச் சிக்கலை அறிவார்கள். 2024-இல் வெளிவந்த வீடியோ-எம்எம்இ தொகுப்பில் 11 விநாடி முதல் 1 மணி நேரம் வரையிலான 900 காணொளிகளும் 2,700 கேள்விகளும் உள்ளன. ஆனால் காணொளி நீளமாக இருப்பதால் கேள்வியும் நீண்ட கவனத்தைக் கேட்கிறது என்று ஆகிவிடாது. 2023-இல் வந்த ஈகோஸ்கீமா என்ற தொகுப்பின் பங்களிப்பாக நான் மதிப்பது இந்த இடத்தைத்தான்: விடை சரி என்று உறுதிசெய்ய ஒருவர் குறைந்தது எவ்வளவு நேரத்தைப் பார்த்தாக வேண்டும் என்று அது அளந்தது. அதன் காணொளிகள் மூன்று நிமிடமே ஓடுபவை. ஆனாலும் அந்த அளவின் இடைநிலை மதிப்பு ஏறத்தாழ 100 விநாடி. ஒரு மணி நேரக் காணொளியில் சட்டையின் நிறத்தைக் கேட்கும் கேள்விக்கு ஐந்து விநாடி போதும்.

20 முதல் 120 நிமிடம் வரை ஓடும் காணொளிகளைக் கொண்ட அவர்வீடியோ தொகுப்பில் மனிதர்கள் 85.0 விழுக்காடும், அப்போது முன்னணியில் இருந்த கூகுளின் ஜெமினி 1.5 புரோ மாதிரி 37.3 விழுக்காடும் பெற்றதாக அதன் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 20 கிடைக்கும். இடைவெளி பெரிதுதான், ஆனால் பிழை பார்வையில் நேர்ந்ததா, சிந்தனையிலா என்பதை அந்த ஒற்றை எண் காட்டாது.

அதைத்தான் என் காணொளியில் பிரித்துப் பார்க்க விரும்பினேன். மாதிரிக்கு நான் அனுப்பியவை காணொளியிலிருந்து சம இடைவெளியில் எடுத்த 64 நிலைப்படங்கள்; அதாவது 56 விநாடிக்கு ஒன்று. பத்து விநாடியில் முடிந்துவிடும் நிகழ்வு இந்தக் கணக்கில் ஆறுக்கு ஐந்து முறை அகப்படாமலே போகும். தாலி கட்டும் நேரத்தில் தற்செயலாக ஒரு படம் விழுந்திருந்தது. அதில் தெரிந்தவை அட்சதை தூவ உயர்ந்த கைகளும், யாரோ தூக்கிப் பிடித்த ஒரு கைப்பேசியும் மட்டுமே. அந்தப் பகுதியை மட்டும் விநாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்து மறுபடி கேட்டேன். மூன்று முடிச்சையும் மணமகனே போட்டார் என்று சரியாகச் சொன்னது.